ஒன்பது வேளை மரக்கறி

தலைமைக் கங்காணி இராமையா மருந்தக வாசலில் வந்து நின்றபோது அவருக்குக் காய்ச்சல் என்றுதான் இக்னேசியஸ் நினைத்தார். கங்காணி உள்ளே வரவில்லை. தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டு, அலமாரியில் இருந்த போத்தல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க கங்காணியாரே, உடம்புக்கு முடியலையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டரையா. மருமகளுக்கு ஆம்பளப் புள்ள பொறந்திருக்கு. ஐயாவுக்குத் தெரியுமே."

இக்னேசியஸுக்குத் தெரியும். முந்தின நாள் அந்தக் குழந்தையை நிறுத்து எடையை எழுதிக்கொண்டவரே அவர்தான். அக்கரப்பத்தனையில் அந்தத் தேயிலைத் தோட்டத்து மருந்தகத்துக்கு அவர் பொறுப்பாக வந்து ஒன்பது வருடமாகிறது. டாக்டருக்குப் படித்தவரல்ல, ஆனாலும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் எல்லாருக்கும் அவர் டாக்டரையாதான்.

"அதனால வீடு தீட்டாயிருச்சுங்க," என்றார் இராமையா. "வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழா ஆரம்பம். யாழ்ப்பாணத்துலேருந்து மேளக்காரங்க நாலு பேரு வர்றாங்க. எப்பவும் எங்க வீட்டுலதான் தங்குவாங்க. இப்ப முடியாது. லயத்துக் காம்பிராவுல நாலு பேரப் படுக்க வைக்க எடமில்ல. டீமேக்கர் ஐயா வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போயிட்டாரு. உங்ககிட்ட கேக்கலாமான்னு..."

"இதுக்கா இவ்வளவு நேரம் நிக்கிறீங்க? எங்க வீட்டுல தங்கட்டும்."

"சாப்பாடும்..."

"சாப்பாடும்தான்."

இராமையா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு இரண்டு எட்டு நடந்தார். பிறகு திரும்பிப் பார்த்து, ஞாபகம் வந்தவர் போலச் சொன்னார். "விரதக்காரங்க, ஐயா. மூணு நாளும் மரக்கறிதான்."

அன்று மத்தியானம் இக்னேசியஸ் வீட்டுக்குப் போனபோது சுகிர்தம் நெத்தலி பொரித்துக்கொண்டிருந்தாள். செய்தியைக் கேட்டதும் சட்டியை இறக்கி வைத்தாள். கோபப்படவில்லை. விரல்விட்டு எண்ணினாள்.

"மூணு நாள். நாளைக்கு மூணு வேளை. ஒன்பது வேளை. நான் நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வேளைகூட முழுசா மரக்கறி சமைச்சதில்லீங்க."

"தவசு காலத்துல வெள்ளிக்கிழமைக்குச் சமைக்கிறியே."

"அன்னைக்கு மீனு."

அது உண்மைதான். சுகிர்தம் வட்டகொடைக்காரி. அப்பா ரயில் பாதையில் வேலை பார்த்தவர். கொழும்பிலிருந்து ரயிலில் வந்து இறங்கும் மீன் பெட்டிகளைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அவளுடைய ஆட்டிறைச்சிக் குழம்புக்காகவே தோட்டத்துக் கிளார்க்குகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள். மரக்கறி என்று அவள் சமைப்பதிலும் மாசி இருக்கும். காய்ந்த மாசி மீனை இடித்துத் தூளாக்கி ஒரு டின்னில் வைத்திருப்பாள். சம்பலுக்கு ஒரு பிடி, கீரைக்கு ஒரு பிடி, பருப்பில்கூட ஒரு சிட்டிகை. மகள்மார் இரண்டு பேரும் ஹட்டனில் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். அவர்களுக்கு மாதாமாதம் போகும் பார்சலிலும் மாசிச் சம்பல்தான் முதல் சாமான்.

அன்று பின்னேரம் மருந்துப் போத்தல்களில் ஒட்டும் தாளின் பின்பக்கத்தில் அவள் ஒன்பது வேளைச் சாப்பாட்டையும் எழுதி முடித்தாள். எழுதியது சரியா என்று கேட்கப் பூரணிக்கு ஆள் அனுப்பினாள்.

பூரணி ஏழாம் நம்பர் லயத்துக்காரி. கொழுந்து எடுப்பவள். சுகிர்தத்தைவிட நாலைந்து வயது மூத்தவள். வருடாவருடம் கோயில் அன்னதானத்துக்கு அடுப்புப் பொறுப்பு அவளுடையது. பின்னேரக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் நேராக வந்து அடுப்படிப் படியில் உட்கார்ந்தாள்.

"படிங்கம்மா, கேப்போம்."

சுகிர்தம் படித்தாள். "வெள்ளி காலைல பாண், பருப்பு. மத்தியானம் சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு. ராத்திரி சோறு, பருப்பு, பூசணிக்கா. சனி காலைல..."

"பருப்பு."

"ஆமாக்கா."

"மூணு நாளும் இதைப் போட்டா நாதஸ்வரம் ஊதாதும்மா. வயிறுதான் ஊதும்."

சுகிர்தம் தாளைக் கசக்கிவிட்டு இன்னொரு தாளை எடுத்தாள். பூரணி யோசித்து யோசித்துச் சொன்னாள்.

"இறைச்சி வச்சீங்கன்னா அது ஒண்ணே சோத்தைத் தாங்கிரும். மரக்கறி அப்படி இல்ல. ஒண்ணு காரமா இருந்தா பக்கத்துல ஒண்ணு புளிப்பா இருக்கணும். ஒண்ணு கொழகொழன்னு இருந்தா ஒண்ணு மொறுமொறுன்னு இருக்கணும். தேங்காப்பால் ஊத்துன கறி ஒரு வேளைக்கு ஒண்ணு போதும். ரெண்டு ஊத்துனா எல்லாம் ஒரே ருசியாயிரும். நெறத்தையும் பாருங்க. இலையப் பாத்ததும் கையக் கழுவ ஓடணும்."

"வெங்காயம் சேக்கலாமா?"

"யாழ்ப்பாணத்து ஆளுங்க சேப்பாங்க. மாசிதான் ஆகாது. அந்த டின்னு இந்த வீட்டுலயே இருக்கக் கூடாது. உங்க கை பழகுன கை. தன்னால போயிரும்."

சுகிர்தம் அப்போதே எழுந்து மாசி டின்னை எடுத்துப்போய் மருந்தகத்தில், பேதி உப்புப் போத்தலுக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தாள். நெத்தலி, கருவாடு எல்லாம் பக்கத்து வீட்டுக்குப் போயின. புதுச் சட்டிகள் வாங்கினாள். மலைக்குக் கீழே பொல்பிட்டியவில் வேலை பார்க்கும் தம்பி டக்ளஸுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள். இந்தக் குளிரில் வாழை ஒழுங்காக வளராது என்பதால் வாழையிலைக் கட்டும், வாழைக்காயும், பிஞ்சுப் பலாக்காயும் அவன் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். கரட், பீட்ரூட், போஞ்சி, நோக்கோல் எல்லாம் கடைத்தெருவில் கிடைத்தன. லீக்ஸ் மட்டும் பட்டியலில் இல்லை. ஒவ்வொரு லயத்துக்கும் பின்னால் விளைந்து கிடக்கிற சாமானை விருந்தாளிக்கு எப்படிப் போடுவது என்று சுகிர்தம் அதைச் சேர்க்கவில்லை.

வெள்ளி காலைச் சாப்பாடுதான் முதல் வேளை. அது அசத்தலாக இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒரே முடிவாக இருந்தார்கள். நெய்ப்பொங்கல், உளுந்து வடை, சாம்பார், சட்டினி, கேசரி. இவ்வளவு சாப்பிட்டவர்களுக்கு மத்தியானம் பசி இருக்காது. ரசமும் முட்டைக்கோசு வறையும் போதும் என்று எழுதினார்கள்.

வியாழன் மாலை மழையோடு மழையாக மேளக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். தலவாக்கலையிலேயே சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறியிருந்தார்கள். முன்னால் வந்தவர் நாதஸ்வரக்காரர் முத்துலிங்கம். ஐம்பத்தைந்து வயதிருக்கும், உயரமானவர். அவருக்குப் பின்னால் தவில்காரர் சின்னராசா; குட்டையான, உருண்டையான ஆள். கூட ஊதுகிறவரும் தாளம் போடுகிறவரும் கடைசியில் நின்றார்கள்.

முத்துலிங்கம் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டு அப்படியே நின்றார். எதிர்ச் சுவரில் மாதா படம். அதன் முன்னால் சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. தாங்கள் வேதக்காரர் என்று இராமையா சொல்லவேயில்லையோ என்று சுகிர்தம் நினைத்தாள். இக்னேசியஸும் அதையேதான் நினைத்திருக்க வேண்டும். தொண்டையைச் செருமினார்.

"பெரியவரே, நாங்க கத்தோலிக்க ஆளுங்க. உங்களுக்கு சங்கடம்னா..."

"அதுக்கில்லை," என்றார் முத்துலிங்கம். "கால் முழுக்கச் சேறு. வடிவா மெழுகின நிலத்திலை எப்பிடி மிதிக்கிறது எண்டு பாக்கிறன். தண்ணி எங்கை இருக்கு, பிள்ளை?"

சுகிர்தம் ஓடிப்போய் வாளியைக் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலை பூரணியும் அவளும் நான்கு மணிக்கே எழுந்து சமைத்ததெல்லாம் மேசையில் வந்து உட்கார்ந்தது. பொங்கலில் நெய் மிதந்தது. வடை அப்போதுதான் எண்ணெயிலிருந்து வந்திருந்தது. முத்துலிங்கம் குளித்து, திருநீறு பூசி, நாதஸ்வரத்தைத் துணியில் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தார்.

"எனக்கு ஒரு தேத்தண்ணி மட்டும் காணும், பிள்ளை."

"சாப்பிட்டுட்டுக் குடிங்கய்யா."

"ஊதப் போறதுக்கு முன்னம் நான் சாப்பிடுறேல்லை. வயிறு நிறைஞ்சால் மூச்சு நிக்காது. இவையளும் அப்பிடித்தான்."

இவையளில் ஒருவரான சின்னராசா வடையையே பார்த்துக்கொண்டிருந்தார். தவிலுக்கு மூச்சு எதற்கு என்பது போல அவர் முகம் இருந்தது. முத்துலிங்கம் வேறு பக்கம் திரும்பிய நேரத்தில் ஒரு வடை காணாமல் போயிற்று. அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

சுகிர்தம் மேசையைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அடுப்புப் புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு ஆசையா செஞ்சோம்க்கா. வேற வீட்டுலன்னா சாப்பிட்டிருப்பாங்க."

"அப்படி நெனைக்காதீங்க. ஊதுறவரு சொல்றாரு, நமக்கு என்னா தெரியும்? நான் தேயிலை மலை ஏறும்போது வயிறு நெறையவா சாப்புட்டுட்டு ஏறுறேன்?" பூரணி பொங்கலை மூடி வைத்தாள். "ஆனா ஒண்ணு. மதியானம் ரசத்தையும் கோசையும் வச்சா நம்ம கதை கந்தல்."

பூரணி சொன்னது போலவே ஆயிற்று. இரண்டு மணிக்கு நான்கு பேரும் மலையைப் புரட்டிப் போடுகிற பசியோடு திரும்பி வந்தார்கள். நான்கு மணிநேரம் விடாமல் வாசித்திருக்கிறார்கள். ரசம் முதல் சுற்றிலேயே தீர்ந்தது. முட்டைக்கோசு வறை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. காலைப் பொங்கலை நெய் விட்டுச் சூடாக்கி, வடைகளைச் சாம்பாரில் ஊறப்போட்டு, கேசரியையும் கொண்டுவந்து வைத்தார்கள். சின்னராசா ஒன்பது வடை சாப்பிட்டார். காலையில் போனதைச் சேர்த்தால் பத்து. முத்துலிங்கம் கேசரியை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

சுகிர்தம் உடனே தாளைத் திருத்தினாள். காலைக்கு எழுதியதெல்லாம் மத்தியானத்துக்குப் போயிற்று. காலைக்குத் தேத்தண்ணீரும் இரண்டு ரொட்டித் துண்டும் போதும். சனி மத்தியானத்தில்தான் தன் திறமை முழுவதையும் காட்டுவது என்று முடிவு செய்தாள். கோயில் தர்மகர்த்தா ஆண்டியப்பனும் அன்றைக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். கண்டிப்பானவர். வேதக்காரர் வீட்டில் மேளக்காரர்களைத் தங்கவைத்தது அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை என்று பேச்சு.

சனிக்கிழமை ஐந்து இலைகள் போட்டாயிற்று. நோக்கோல் சாம்பார், பிஞ்சுப் பலாக்காய்க் கறி, பீட்ரூட் வறுவல், போஞ்சி வறை, வாழைக்காய்ப் பொரியல், மாங்காய்ப் பச்சடி, தேங்காய்ச் சம்பல், அப்பளம். பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக இலை நிறைந்திருந்தது. பூரணி தூரத்தில் நின்று பார்த்துத் தலையாட்டினாள். தீட்டு என்பதால் உள்ளே வர முடியாத இராமையா வேலிக்கு வெளியே நின்றபடி, "எல்லாம் சரியா இருக்காங்கம்மா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

சின்னராசாவின் இலையில் அப்பளத்தை வைக்கக் குனிந்தபோது சுகிர்தத்தின் மூக்கில் அந்த வாசனை ஏறியது. சந்தேகமே இல்லை. பதினாறு வருடமாக அவள் கையில் இருந்த வாசனை. சம்பலைப் பார்த்தாள். வெள்ளைத் தேங்காய்ப்பூவுக்கு நடுவே பழுப்பாகத் தூள் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். வாசல்படியில் இக்னேசியஸ் நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்தார், பிறகு சம்பலைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அவர்தான். சம்பலை ருசி பார்த்திருக்கிறார். ஏதோ குறைகிறது என்று தோன்றியிருக்கிறது. மனைவிக்கு உதவி செய்வதாக நினைத்து, மருந்தகத்துக்குப் போய் டின்னைத் திறந்து இரண்டு சிட்டிகை போட்டிருக்கிறார். சம்பலில் மாசி போடாதே என்று யாரும் அவரிடம் தனியாகச் சொல்லவில்லை. மரக்கறி என்றால் இறைச்சியும் மீனும் இல்லாதது. மாசி என்பது அவரைப் பொறுத்தவரை உப்பைப் போல ஒன்று.

முத்துலிங்கம் சோற்றில் சாம்பாரை விட்டுக்கொண்டிருந்தார். ஆண்டியப்பனின் கை சம்பலுக்குப் போனது.

"சாப்பிடாதீங்க," என்றாள் சுகிர்தம். "யாரும் கை வைக்காதீங்க. சம்பல்ல மாசி விழுந்திருச்சு. என் கை தவறிருச்சு. மன்னிச்சுக்கோங்க."

ஐந்து கைகளும் அப்படியே நின்றன. வேலிக்கு வெளியே இராமையா, "என்னங்கம்மா?" என்றார்.

"அவ இல்லீங்க," என்று இக்னேசியஸ் உள்ளே வந்தார். "நான்தான் போட்டேன். அவளுக்குத் தெரியாது. நல்லா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

ஆண்டியப்பன் இலையிலிருந்து எழுந்தார். "நான் அப்பவே சொன்னேன் இந்த ஏற்பாடு சரிப்படாதுன்னு. கோயில் கொடி ஏறியிருக்கிற நேரத்துல—"

"இருங்கோ ஐயா," என்றார் முத்துலிங்கம். அவர் குரல் உயரவில்லை. "ஆரும் வாயிலை வைக்கேல்லை. இந்தப் பிள்ளை பேசாமல் இருந்திருந்தால் நாங்கள் தின்னுபோட்டு நல்ல சம்பல் எண்டு சொல்லியிருப்பம். சொல்லிப்போட்டுது. அதுக்கு மேலை என்ன வேணும்?" அவர் தன் இலையைத் தானே மடித்தார். "இலையளை எடுங்கோ. நாங்கள் பீலித் தண்ணியிலை குளிச்சிட்டு வாறம். அதுக்கிடையிலை என்ன இருக்கோ அதைப் போடுங்கோ. ஆண்டியப்பன் ஐயாவும் எங்களோடை வருவார்."

ஆண்டியப்பன் வருவதாகச் சொல்லவில்லை. ஆனாலும் துண்டை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னால் போனார்.

இலைகளைப் பூரணி மாட்டுக் கொட்டிலுக்கு எடுத்துப் போனாள். சுகிர்தம் சட்டிகளைத் திறந்து பார்த்தாள். பரிமாறும் ஆசையில் அள்ளி அள்ளிப் போட்டிருந்தாள். சோறு இருந்தது. சாம்பார் அடியில் கொஞ்சம். மற்றதெல்லாம் வழித்தால் ஒரு இலைக்குக்கூடக் காணாது.

"நான் கடைக்குப் போயிட்டு வரட்டா?" என்றார் இக்னேசியஸ்.

"நீங்க எங்கயும் போக வேணாம். அங்க உக்காந்து உருளைக்கிழங்கு உரிங்க."

அவர் உரித்தார். பூரணி வேலியோரம் போய் வெளியே நின்ற இராமையாவிடம் ஏதோ சொன்னாள். ஐந்து நிமிடத்தில் இராமையா கங்காணி, தலைமைக் கங்காணி என்ற நினைப்பெல்லாம் விட்டுவிட்டு, யார் தோட்டத்திலிருந்தோ ஒரு கட்டு லீக்ஸை, தீட்டு என்பதால் தான் தொடாமல் ஆளிடம் பிடுங்கச் சொல்லி, வேலி மேலாக எறியச் செய்தார். மண்ணும் வேருமாக வந்து விழுந்தது.

"லீக்ஸா?" என்றாள் சுகிர்தம்.

"வேற என்னம்மா இருக்கு?"

இருவரும் வேகமாக வேலை செய்தார்கள். லீக்ஸின் வெள்ளைத் தண்டைப் பொடியாக அரிந்து, கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, உருளைக்கிழங்கோடு போட்டு, மிளகைத் தட்டித் தூவிச் சுருளச் சுருள வதக்கினாள் சுகிர்தம். பச்சை இலைப் பகுதியைப் பூரணி கடலை மாவில் தோய்த்துப் பொரித்தாள். சாம்பார் அடியில் கரட்டையும் புளித்தண்ணீரையும் சேர்த்துக் கொதிக்கவிட்டார்கள். கடைசியில் பரிமாற வைத்திருந்த பாயசம் தனிப் பாத்திரத்தில் பத்திரமாக இருந்தது.

குளித்து வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். முத்துலிங்கம் ஒரு வாய் வைத்தார். இன்னொரு வாய். பிறகு நிமிர்ந்தார்.

"இது என்ன, பிள்ளை? வெங்காயத் தாள் மாதிரிக் கிடக்கு. ஆனால் அது இல்லை."

"லீக்ஸுங்கய்யா. இங்க சாதாரணமா கிடைக்கிறது."

"எங்களுக்குச் சாதாரணம் இல்லையே. இதை ஏன் இவ்வளவு நாளும் ஒளிச்சு வைச்சனீங்கள்?"

சின்னராசாவின் வாய்க்குப் பேச நேரமில்லை. பொரியல் தட்டைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். ஆண்டியப்பன் இரண்டாவது தரம் சோறு கேட்டபோது சுகிர்தத்தின் முகத்தைப் பார்க்காமல், "கொஞ்சம் அந்த உருளைக்கிழங்கும் வைங்கம்மா," என்றார். பாயசம் முடிந்து எழுந்தபோது இக்னேசியஸிடம் போய், அம்மனுக்கு ஞாயிற்றுக்கிழமை தேர் இழுக்கும்போது யாருக்காவது கால் சுளுக்கினால் பார்க்க மருந்துப் பெட்டியோடு கோயில் பக்கம் வந்து நிற்க முடியுமா என்று கேட்டார். இக்னேசியஸ் கட்டாயம் வருகிறேன் என்றார்.

அன்று பின்னேரம் கணவனும் மனைவியும் தனியாக இருந்த நேரத்தில் இக்னேசியஸ் மெதுவாகச் சொன்னார். "என் தப்பை நீ ஏன் உன் தலையில போட்டுக்கிட்ட?"

"உங்களைப் பாத்தா பாவமா இருந்துச்சு. நீங்க ஏன் உடனே ஒத்துக்கிட்டீங்க?"

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றார் அவர். சுகிர்தத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் அப்போதும் கையில் தோல் உரித்த கத்தியை வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு எழுதியிருந்த மூன்று வேளையையும் மேளக்காரர்களே திருத்திவிட்டார்கள். மத்தியானத்துக்கும் ராத்திரிக்கும் லீக்ஸ் வேண்டும் என்றார்கள். சுகிர்தம் பலாக்காயை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தேர் நல்லபடியாக நிலைக்கு வந்தது. யாருக்கும் கால் சுளுக்கவில்லை.

திங்கள் விடியற்காலை அவர்கள் புறப்பட்டார்கள். யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு முழு நாள் ஆகும் என்பதால் கெட்டுப்போகாத சாப்பாடாக, தேங்காய் சேர்க்காமல், புளிச்சோறும் கிழங்கு வதக்கலும் நான்கு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்தாள் சுகிர்தம். பஸ் நிற்கும் சந்திவரை அவளும் பூரணியும் கூடவே போனார்கள். பனி தேயிலைச் செடிகளின் மேல் படுத்திருந்தது.

முத்துலிங்கம் பஸ் படியில் ஏறப் போனவர் நின்றார். "பிள்ளை, நான் பேசத் தெரியாதவன். எத்தினையோ வீட்டிலை சாப்பிட்டிருக்கிறன். எங்களுக்கு எப்ப பசிக்கும் எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்லை. நீங்கள் ரெண்டு பேரும் ஒரு நாளிலை விளங்கிக்கொண்டியள்."

"அடுத்த வருசமும் வாங்கய்யா," என்றாள் சுகிர்தம்.

பஸ் வளைவில் மறைந்தது. இரண்டு பெண்களும் திரும்பி நடந்தார்கள். மூன்று நாளாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டோமா என்று அப்போதுதான் இருவருக்கும் தோன்றியது. சட்டியில் மிஞ்சியதை நின்றபடியே தின்றிருக்கிறார்கள். மேலே பெரட்டுக் களத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் தப்புச் சத்தம் கேட்டது. பூரணி கையோடு கொண்டுவந்திருந்த கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைப்பாதையில் ஏறினாள். பாதி தூரம் போனவள் நின்று திரும்பினாள்.

"அம்மா. வர்ற ஞாயித்துக்கிழமை ஐயாவும் நீங்களும் எங்க காம்பிராவுக்குச் சாப்பிட வாங்க."

ஒன்பது வருடத்தில் லயத்திலிருந்து யாரும் சுகிர்தத்தைச் சாப்பிடக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் வருவாளா என்று தெரியாமல் இருந்திருப்பார்கள்.

"வர்றோம்க்கா," என்றாள் சுகிர்தம். "என்ன சமைக்கப் போறீங்க?"

"அதெல்லாம் கேக்கக் கூடாது. விருந்தாளி வந்து உக்காந்து சாப்பிடணும், அவ்வளவுதான்."

பூரணி சிரித்துக்கொண்டே பனிக்குள் ஏறிப் போனாள்.